வளைவில் இறக்கிவிடப்பட்ட நாய்கள்

ஆலங்காயத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒரு வளைவில் பஸ் கிட்டத்தட்ட நின்றுதான் திரும்பும். அங்கே சாலையோரம் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. நான் இந்தத் தடத்துக்குக் கண்டக்டராக வந்த புதிதில் அந்தச் சுவர்மேல் குரங்குகள்தான் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் சுவரோரம் நாய்கள் உட்கார்ந்திருந்தன.

மலை நாய்கள் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மலைக் கிராமத்து நாய் பஸ்ஸைக் கண்டால் ஒதுங்கிப் போகும், இல்லையென்றால் கொஞ்ச தூரம் குரைத்துத் துரத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். இவை எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடி வந்தன. பஸ் நிற்காமல் நகர்ந்ததும் கூடவே ஓடின. எதிரே ஜீப் வந்தது. உடனே பஸ்ஸை விட்டுவிட்டு ஜீப்பின் பின்னால் ஓடின.

"வண்டியில கொண்டாந்து எறக்கி வுட்டிருக்கானுங்க. அதே வண்டி திரும்ப வரும்னு பாக்குதுங்க" என்றார் டிரைவர். என்னைவிட மூத்தவர். இந்த மலைப் பாதையிலேயே தலை நரைத்தவர்.

அவர் சொன்னது சரிதான் என்று போகப்போகத் தெரிந்தது. கீழே ஊர்களில் தெருநாய்த் தொல்லை அதிகமானால் தெருக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆளை ஏற்பாடு செய்வார்கள். அவன் சாக்கும் சுருக்குக் கயிறுமாக வந்து, அகப்பட்டதையெல்லாம் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மலைப் பாதையில் விட்டுவிடுவான். கொல்லவில்லை, காட்டில்தானே விட்டோம் என்று எல்லோருக்கும் மனசு சமாதானமாகிவிடும். காட்டில் நாய்க்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெட்டை இருந்தது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். கழுத்தில் நீலத் துணியில் தைத்த பட்டை. கடையில் வாங்கியது இல்லை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியை மடித்து ஓரம் அடித்துத் தைத்தது. மற்ற நாய்கள் சில வாரங்களில் வண்டிகளைத் துரத்துவதை விட்டுவிட்டு மேலே கிராமங்களின் பக்கம் போய்விட்டன. அந்தப் பெட்டை மட்டும் வளைவை விட்டுப் போகவில்லை. நாங்கள் மேலே போகும்போதும் இருக்கும், கீழே வரும்போதும் இருக்கும். நான் டீக்கடையில் வாங்கிய பன்னை ஜன்னல் வழியாகப் போடுவேன். முதலில் பஸ்ஸின் படிக்கட்டைப் பார்க்கும், ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கும், அதற்குப் பிறகுதான் பன்னின் பக்கம் திரும்பும்.

ஒருநாள் மேலேயிருந்து புளி மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தோம். எதிரே லாரி ஏறியதால் டிரைவர் வளைவில் வண்டியை நிறுத்தினார். பின் படிக்கட்டில் மூட்டை அடைத்திருந்ததால் கதவு சாத்தவில்லை. அந்தச் சந்தில் நாய் உள்ளே ஏறிவிட்டது.

ஏறியது குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வந்து அங்கே இருந்தவர்களின் கால்களை மோந்து பார்த்தது. ஜனங்கள் கால்களை சீட்டின்மேல் தூக்கிக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கத்தினாள். நாய் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிக் காலையும் மோந்துவிட்டு, நடுவழியில் அப்படியே நின்றது. இனி என்ன செய்வது என்று அதற்குத் தெரியாதது போல இருந்தது.

"எறக்குப்பா அத்த. எறக்கினாதான் வண்டி எடுப்பேன்" என்றார் டிரைவர்.

இரண்டு கையாலும் அதைத் தூக்கினேன். விலா எலும்புகள் விரலில் தட்டுப்பட்டன. கடிக்கவில்லை, திமிறவும் இல்லை. கீழே விட்டதும் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டது.

பஸ் கிளம்பிய பிறகு முன் சீட்டில் இருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். மலைக் கிராமங்களுக்குப் பாத்திரம் கொண்டுபோய் விற்கிறவர். "அது எங்க தெரு நாய் சார்" என்றார் தாழ்ந்த குரலில். "கழுத்துல கீற அந்தப் பட்டி எங்க தெருவுல டெய்லர் பாய் தச்சுப் போட்டது. நாய் எங்க போச்சுன்னு அவரு இன்னும் தேடிட்டுதான் கீறாரு."

என் ஓய்வு நாளில் அந்தத் தெருவுக்குப் போனேன். ஊர்ப் பேர் வேண்டாம். வாணியம்பாடிச் சாலையில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கக்கூடிய தெரு அது. தெருமுனையில் கறிக்கடை, அதைத் தாண்டினால் ஒரு சின்னத் தையல் கடை. டெய்லர் வயதானவர், வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் விஷயத்தைச் சொன்னதும் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

"உசுரோட கீதா?"

"கீதுங்க பாய்."

மிஷினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். பிறகு அவரே சொன்னார். அது குட்டியாக இருந்தபோது மழைக்குக் கடைப்படியின் கீழ் ஒதுங்கியதாம். அதிலிருந்து அங்கேயேதான். வீட்டுக்குள் சேர்த்ததில்லை. கடை வாசல்தான் அதற்கு வீடு. சாயங்காலம் கடை சாத்தினால் வீடுவரை கூட வந்து, அவர் உள்ளே போனதும் திரும்பிப் போகுமாம். ஒரு வாரம் மகள் வீட்டுக்கு ஆம்பூர் போய்விட்டு வந்து பார்த்தபோது தெருவில் ஒரு நாயும் இல்லை.

நாங்கள் பேசுவதைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண் வந்தாள். கூடவே அவளுடைய சின்னப் பெண். குழந்தையின் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே தையல் போட்ட தழும்பு இழுத்துக்கொண்டிருந்தது.

"நீங்களே பாருங்க சார்" என்று அவள் குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "டியூஷன்லேர்ந்து வர்றா, நாலஞ்சு நாய் சேந்து இழுத்துப் போட்டுச்சி. ஊசி போட நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும்."

"இந்த நாய் கடிக்கலம்மா" என்றார் டெய்லர்.

"எது கடிச்சிதுன்னு நான் போய் வெசாரிச்சிட்டு இருக்கணுமா பாய்? இப்பவும் நாயக் கண்டா கொழந்த ஒண்ணுக்குப் போய்டுது."

அவர் மறுபடி மிஷினில் காலை வைத்தார். அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு நானும் கிளம்பிவிட்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு டெய்லர் என் பஸ்ஸில் ஏறினார். மடியில் ஒரு தூக்குவாளி. மலைக்கு இதுவரை வந்ததே இல்லை என்றார். வளைவுகளில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டிரைவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் முணுமுணுத்தாலும் அந்த இடத்தில் ஓரங்கட்டினார்.

நாய் வழக்கம்போல எழுந்து வந்தது. டெய்லர் முன் படிக்கட்டில் இறங்கினார். அது அவரைப் பார்த்து நின்றது. ஓடி வரவில்லை. வயிறு தரையில் உரச, தவழ்ந்து தவழ்ந்து வந்தது. அவர் செருப்பின்மேல் தலையை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. குழந்தை அழுவதும் இல்லாமல் நாய் ஊளையிடுவதும் இல்லாமல் ஒரு சத்தம். 'நேரமாச்சு' என்று எப்போதும் அவசரப்படுத்துகிறவர்கள்கூட ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நாங்கள் மேலே போய்த் திரும்பி வரும்வரை அவர் அங்கேயே இருப்பதாக ஏற்பாடு. திரும்பி வந்தபோது சுவரில் உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி காலியாக இருந்தது. நாய் அவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் அது தூங்கி நான் பார்த்தது அன்றுதான். பஸ்ஸின் சத்தத்துக்குக்கூட எழவில்லை.

"கூட்டிட்டுப் போய்டலாமா பாய்?" என்று கேட்டேன். பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"எங்க தம்பி கூட்டிட்டுப் போறது?" என்றார். "தெருவுல எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். அந்தப் பொம்பள அழுவுது. இந்த வயசுல தெருவோட சண்ட போட்டுட்டு நான் எங்க போய் மிஷின் போடறது? கொண்டு போனாலும் மறுநாளே புடிச்சி வேற எங்கனா வுடுவாங்க."

அவர் எழுந்ததும் நாயும் எழுந்தது. அவர் படியேறினார். அது பின்னாலேயே முன்னங்காலைப் படியில் வைத்தது. கதவைச் சாத்தியது நான்தான், என் வேலை அது. கீழே அடுத்த திருப்பம்வரை பஸ்ஸோடு ஓடி வந்தது. டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி வந்தார்.

அதன் பிறகு என்னால் ஆனதை எல்லாம் செய்து பார்த்தேன். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர், உட்காரச் சொல்லிப் பேசினார். "புடிச்சி கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே திரும்ப வுடணும். அதான் சட்டம். இப்படிக் கொண்டுபோய் வேற எடத்துல வுடறதே தப்பு" என்றார். யார் அதைத் தடுப்பது என்று கேட்டதற்கு மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார். தன்னால் வெறிநாய்த் தடுப்பூசி போட முடியும், வைத்துக்கொள்ள இடம் கிடையாது என்றார். நாய்களைக் காப்பாற்றும் ஓர் அமைப்புக்குப் போன் செய்தேன். பேசிய பெண்ணின் பின்னால் ஏகப்பட்ட நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. "இருக்கறதுக்கே சோறு போட முடியலண்ணா" என்றாள். நான் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்டேன். "நாய் வந்தா நீங்க வூட்ட காலி பண்ணிடுங்க" என்றார், கோபமே இல்லாமல். எல்லோருமே நியாயமாகத்தான் பேசினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்குள் மேலே போன நாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறத் தொடங்கியிருந்தன. மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து அக்கா ஒருத்தி வாரா வாரம் என் பஸ்ஸில் சந்தைக்கு வருவாள். சாமையோ, புளியோ, சில சமயம் ஓர் ஆட்டுக்குட்டியோ கொண்டு வருவாள். அன்று வெறுங்கையோடு ஏறினாள்.

"செனை ஆடு கண்டக்டரே" என்றாள். "கொடல இழுத்துப் போட்டுட்டுப் போயிருக்குதுங்க. முழுசா தின்னக்கூட இல்ல."

டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

"எங்க வூட்லயும் நாய் கீது. கூழு ஊத்தாம நாங்க ஒருநாளும் சாப்ட்டதில்ல. நாய அடிக்கிற ஜனமா நாங்க? கீழ கீறவங்களுக்கு வாணாம்னா இங்க கொண்டாந்து கொட்டிட்டுப் போறதா? நாங்க எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். பின் சீட்டில் ஒருவர், "அதுக்கு வழி பண்ணியாச்சி" என்றார். அவர் சொன்ன தோரணையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "அந்த வளைவுல கீறது ஒண்ணும் பண்ணாதுங்க, அது அங்கயேதான் கெடக்குது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாய்க்கு நாய் அடையாளம் பாத்தா மருந்து கலந்து கறி வைக்க முடியும்?" என்றார்.

அன்று கீழே போகும்போது அதற்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பன் போட்டேன். வயிறு நிறைந்திருந்தால் வேறெதையும் தொடாது என்று ஒரு கணக்கு.

இரண்டொரு நாள் கழித்துக் காலை முதல் நடையில் ஏறும்போது வழி நெடுக நாய்கள் செத்துக் கிடந்தன. ஒன்று பாலத்தருகே, ஒன்று புளியமரத்தடியில். ஒரு மலை நாயும் கிடந்தது, யாரோ வளர்த்தது. வளைவில் அந்தப் பெட்டை சுவரோரம் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. வாயில் நுரை காய்ந்திருந்தது. டிரைவர் நான் கேட்காமலேயே வண்டியை நிறுத்தினார். இருவரும் இறங்கி அதைச் சாலையிலிருந்து தள்ளி, சரிவில் கொண்டுபோய்க் கல்லடுக்கி மூடினோம். மலைக்காரர் ஒருவர் இறங்கி வந்து கல் எடுத்துக் கொடுத்தார். கறி வைத்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

டெய்லரிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் தூக்குவாளியோடு பஸ் ஏற வந்தார். படிக்கட்டில் நின்றிருந்த என் முகத்தைப் பார்த்தார். ஏறாமல் கீழேயே நின்றுகொண்டார்.

"எப்ப?" என்றார்.

சொன்னேன்.

"ரொம்ப கஷ்டப்பட்டிருக்குமா?"

"தெரியலங்க பாய். நாங்க பாக்கறப்பவே முடிஞ்சிடுச்சி."

தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டின் இரைச்சலில் வேறு என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பிறகு தூக்குவாளியை என்னிடம் நீட்டினார். "வூட்ல ஆக்கினது, நல்ல சோறு. வீணாப் போவ வாணாம். நீங்களும் டிரைவரும் சாப்டுங்க" என்றார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். வாங்கிக்கொண்டு விசில் ஊதினேன். மேலே போனதும் நானும் டிரைவரும் அதைப் பங்கிட்டுக்கொண்டு சாப்பிட்டோம். எலும்பில்லாத கறியாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டு, உப்பும் காரமும் இல்லாமல் பிசைந்த சோறு.