முதலாளி பூட்டும் சின்னம்மா பேரமும்

எங்கள் சின்னம்மா ஒரு கட்டுக் கீரைக்கு அரை மணி நேரம் பேரம் பேசக்கூடியவர். கீரைக்காரி நொந்துபோய்க் கூடையைத் தூக்கிய பிறகும் விடமாட்டார். அம்மாவின் தங்கை, கல்யாணமான மறுவருஷமே கணவரைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு இருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு பூட்டுக்காகப் பேரம் பேசியதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

பேகம்பூருக்குப் பின்னால் என்னைப் பெற்ற அத்தாவுக்குச் சின்னதாக ஒரு தோல்ஷாப்பு இருந்தது. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்துகிற இடம். அந்தச் சரக்கையே ஈடாகக் காட்டி, பெரிய தோல் வியாபாரியான முதலாளி ஒருவரிடம் கடன் வாங்கியிருந்தார். நோன்புக்கு முன்பே அதைத் திருப்பிவிட்டதாக அத்தா சொன்னார். வந்த பணத்தை அதற்கும் முந்தைய கடனில் வரவு வைத்துவிட்டேன், இந்தக் கடன் அப்படியே நிற்கிறது என்றார் முதலாளி. எந்தப் பழைய கடன் என்று யாராவது கேட்டால் அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் காலை முதலாளியின் ஆட்கள் வந்து, வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு, ஷாப்புக் கதவில் பூட்டைப் போட்டுவிட்டார்கள்.

அத்தா கடப்பாரையைத் தேடினார். பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரின் பூட்டு கடப்பாரைக்கெல்லாம் மசியாது என்பது வேறு விஷயம். சின்னம்மா கேட்டது ஒன்றுதான்: தோல் எந்தத் தொட்டியில் கிடக்கிறது? சுண்ணாம்பில் என்றதும் அவர் முகம் மாறியது. மறுநாளே எடுக்காவிட்டால் சுண்ணாம்பு அரித்துத் தோல் ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். எங்களுக்கு இருந்ததே அந்தச் சரக்குதான். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குதிரைவண்டியில் ஏறிவிட்டார்.

முதலாளி வீட்டில் வெளிப்பெண்கள் அவரிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. சின்னம்மா அவர் மனைவியோடு உள்ளறையில் உட்கார்ந்தார். முதலாளி திரைக்கு அந்தப்பக்கம். இங்கே பேசுவது அங்கேயும் அங்கே பேசுவது இங்கேயும் நன்றாகவே கேட்டது. ஆனாலும் பாவம், அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னம்மா கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. "அக்கா, கணக்கு யாரு பக்கம்னு நான் பேச வரல. அது..." என்றவர், மடியில் சாய்ந்திருந்த என் தலைமயிரை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மாற்றினார். "பூட்டு உங்க பூட்டாவே இருக்கட்டும். ஆனா தோலு சுண்ணாம்புல கெடக்கு. நாளைக்கு எடுக்கலேன்னா, பஞ்சாயத்துல நீங்க செயிச்சாலும் மிஞ்சுறது அந்தப் பூட்டு மட்டுந்தான்."

திரைக்கு அந்தப்பக்கம் ஓர் இருமல் கேட்டது. அப்புறம் சின்னம்மா கீரைக்காரியிடம் பேசுகிற அதே குரலில் பேரம் தொடங்கியது. சாவி முதலாளியிடமே இருக்கும். தினமும் அவருடைய ஆளே வந்து திறந்து, வேலை முடியும்வரை காவல் இருந்து, மறுபடி பூட்டிக்கொண்டு போகட்டும். பதமான தோலை விற்று, கூலி போக மிஞ்சுவதைப் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லியிடம் கொடுத்து வைக்க வேண்டும். வழக்குத் தீரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. முதலாளி தன் ஆளுக்கு மத்தியானச் சோறு கேட்டார். சின்னம்மா டீயோடு நிறுத்தினார். என்ன பெண்பிள்ளை அவர்!

"அந்தப் பொண்ணு சொல்றது நாயந்தான்னு சொல்லு" என்றார் முதலாளி, மனைவியிடம்.

வீட்டில் அத்தா குதித்தார், பூட்டுப் போட்டவனையே காவலுக்கும் கூப்பிட்டு வந்தாயா என்று. "தோலு பொழைக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கும் அவர்மேல் கோபம்தான். பணம் கொடுத்தாகிவிட்டது என்று அடித்துப் பேசாமல் வந்துவிட்டாரே!

தோல் பிழைத்தது, நல்ல விலைக்கும் போனது. பஞ்சாயத்தில் முத்தவல்லி முன்னால், பழைய கடன் இருந்தது உண்மைதான் என்று அத்தா ஒப்புக்கொண்டார். முதலாளி வட்டியை விட்டுக்கொடுத்தார். கடன் போக மீந்ததை வைத்து ஷாப்பு மறுபடி ஓடியது. அந்தப் பழைய கடன் எதற்காக என்று மட்டும் அத்தா சொல்லவே இல்லை.

அத்தா மவுத்தாகி அடக்கமான பல வருஷம் கழித்து அம்மா சொன்னார். அது சின்னம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கியது. அவர் காதில் விழக்கூடாதென்றுதான் அத்தா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. சின்னம்மாவுக்கோ அது கல்யாணப் பந்தலிலேயே தெரியும். அன்று திரைக்கு இந்தப்பக்கம் அவர் விழுங்கிக்கொண்டது என்னவென்று, மடியில் சாய்ந்துகொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை.