அம்மாவின் ஐந்து

என் அம்மா வியாகுலம் காரல் மீனை மணலில் காயப்போட்டதே இல்லை. தங்கச்சிமடத்துக் கரையில் மற்றவர்கள் மணலில்தான் கொட்டிப் பரப்புவார்கள். அம்மா நான்கு கம்பு நட்டு, கிழிந்த வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் பரப்புவாள். காய்ந்ததில் ஒன்றை எடுத்து முறித்துப் பார்ப்பாள். சத்தம் சரியில்லை என்றால் இன்னொரு வெயில். அப்பா கடலில் இறந்த பிறகு அந்த வலையை வைத்துத்தான் என்னைச் சென்னையில் வேதியியல் படிக்க வைத்தாள்.

கருவாட்டை வாங்கியவர் கூத்தையா. ராமநாதபுரத்தில் கோழித்தீவன மில் வைத்திருந்தார். கருவாட்டுத் தூளோடு கடலைப் புண்ணாக்கு, தவிடு, கம்பு சேர்த்து மதுரைப் பக்கம் ஒரு பண்ணைக்கு அனுப்புவார். 1991இல் அந்தப் பண்ணையில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. தீவனத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு இருபத்தொரு பங்கு புரதம் இருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தது.

அந்தத் தீவனத்துக்குப் போன கருவாடு முழுவதும் அம்மா கொடுத்தது. கூத்தையா கரைக்கு வந்து எல்லோர் முன்னாலும் அவளைக் கை காட்டினார். "இவ கருவாட்டுல பாதி மண்ணு. அதான் சத்து பதிமூணுக்கு எறங்கிருச்சு."

வலையில் காய்ந்த மீனில் மண் எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரிடம்தானே எல்லோரும் விற்க வேண்டும்.

"பதிமூணு வாரா பாரு" என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டு ஜோதிமேரி சித்தி. பிறகு அதுவே அம்மாவின் பெயராயிற்று. மீனுக்குக் கூடையை நீட்டினால், "பதிமூணுக்கு மண்ணை அள்ளிப் போடுங்கப்பா" என்பார்கள். கரையே சிரிக்கும்.

அம்மா எனக்கு எதையும் எழுதவில்லை. யாரும் வாங்காத காரலைக் காயவைத்தாள், உதறினாள், தென்னங்குழிக்கு உரமாகப் போட்டாள். மறு வருஷம் மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது யாரோ வாய் தவறி, "பதிமூணு வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றார்கள். அதென்ன என்று விசாரித்தபோதுதான் நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது.

நான் அப்போது சென்னையில் தீவனம் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். கணக்குப் போட வெகுநேரம் ஆகவில்லை. கூத்தையாவின் லாரி கரைக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

லாரி வந்தது. பெண்கள் மூட்டைகளோடு நின்றார்கள்.

"என்ன ரோசு, அம்மா போயிருச்சாமே. நல்ல மனுசிதான். என்ன, கொஞ்சம் மண்ணு சேந்துபோச்சு" என்றார் கூத்தையா.

"முதலாளி, கலவையில மீன்தூளு எம்புட்டுப் போடுவீக?"

"நூறுக்குப் பத்து. புண்ணாக்கு இருபது. மிச்சம் தவிடும் கம்பும். அளவுல கூத்தையா மில்லுல குத்தம் சொல்ல ஏலாது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்றேன். பிறகு மணலில் மூன்று கோடு போட்டு, ஜோதிமேரி சித்தியைப் பார்த்துப் பேசினேன். வேண்டுமென்றேதான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

"சித்தி, மூணு வத்தை கரைக்கு வருதுன்னு வச்சுக்க. மீன்தூளுல பாதி சத்து, அதான் அந்த வத்தையில அஞ்சு கூடை. புண்ணாக்கு வத்தையில ஒம்பது. தவிட்டு வத்தையில ஏழு. சத்து அப்படித்தான் சேருது. மொத்தம்?"

"இருபத்தொண்ணு." வத்தைப் படகுக்கு எத்தனை கூடை என்று தினமும் பங்கு பிரிக்கிறவள் அவள்.

"எங்கம்மா முழுக்க மண்ணையே குடுத்தான்னு வையி. அவ வத்தை ஒண்ணுமில்லாம வருது. கரையில எத்தனை இருக்கணும்?"

சித்தி விரல் விட்டு எண்ணினாள்.

"சொல்லு சித்தி."

"பதினாறு."

"இருந்தது?"

பின்னால் மூட்டையோடு நின்ற இருளம்மாள் முந்திக்கொண்டு சொன்னாள்: "பதிமூணு."

"பொம்பளப்புள்ள மண்ணுல கோடு போட்டா கணக்காயிருமா?" என்று கூத்தையா சிரித்தார். அவரோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

"புண்ணாக்கை எடுத்துட்டு, இருபதுக்கும் கடலைத் தோலைப் பொடிச்சுப் போட்டா அதுல சத்து ஒண்ணு. தவிடு ஏழு. எங்கம்மாவோட அஞ்சு. கூட்டுங்க முதலாளி, பதிமூணு வரும். அவ அஞ்சு கொறையாம இருந்திருக்கு. உங்க ஒம்பது எங்க?"

"ஏலே, வண்டிய எடு" என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னார். ஒரு மூட்டைகூட ஏறவில்லை.

அதே கணக்கைப் பண்ணைக்கும் எழுதினேன். அவர்கள் வந்து மில்லைத் திறந்து பார்த்தபோது புண்ணாக்கு வைக்கும் இடத்தில் கூரை முட்டக் கடலைத் தோல் இருந்தது. பண்ணை ஒப்பந்தம் போயிற்று. ஊரில் அதைப் பதிமூணு மில் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஜோதிமேரி சித்தி அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்தாள். ஏற்ற விடவில்லை.

நான் ஊருக்கு வந்திருந்த ஒரு நாள் கூத்தையாவே வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"எம் மகனையும் பதிமூணுன்னுதான் கூப்பிடுறாக, ரோசு. பொண்ணு குடுக்கக்கூட யோசிக்கிறாக. நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாக."

"சொல்லுவேன் முதலாளி. எங்கம்மா வந்து சொல்லச் சொன்னா சொல்லுவேன்."

அவர் இறங்கிப் போனார். தெருவில் நின்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நன்றாகக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.