ஊர் மாறிய தாழி

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு சின்ன மியூசியத்தில் ஒரு தாழி இருக்கிறது. செத்தவர்களின் எலும்பை வைத்து அந்தக் காலத்தில் புதைத்த பெரிய மண்பானை. இடுப்பு உயரம் வரும். அதன் வாய்க்குள் கையை விட்டுக் கழுத்தின் உட்பக்கம் தடவினால், பிளாஸ்டரில் ஒரு கட்டைவிரல் அழுந்திய குழி தட்டுப்படும். அது என் விரல். வெளிப்பக்கம் காவி பூசி எல்லாவற்றையும் மறைத்துவிட்டோம். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டோம். அந்தத் தாழியை அருமையான வேலை என்று என் எதிரிலேயே பாராட்டியவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் எனக்கு வாயில் வந்தது கெட்ட வார்த்தைதான். சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். சொல்லலாம்.

எழுபதுகளின் நடுவில், வரலாற்றில் பட்டம் வாங்கி வேலை இல்லாமல் இருந்த எனக்கு அந்த மியூசியத்தில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய இடம். இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம், ஒரு காப்பாளர், நான். வருட முடிவில் காப்பாளர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தருவார். அது இருந்தால் மெட்ராஸில் வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் மண். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். என்னை நியாயப்படுத்திக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

தினமும் அரக்கோணத்திலிருந்து ரயில் ஏறி வருவேன். முதல் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்தேன். பிறகு பார்வையாளர் நோட்டு என் கைக்கு வந்தது. மலைக்குப் போகிற கூட்டத்தில் தண்ணீர் குடிக்க உள்ளே நுழைகிற எல்லோரையும் பார்வையாளர் என்று எழுதச் சொல்வார் காப்பாளர். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வருவாள். தண்ணீர் மொண்டு குடிப்பாள். ஒரு சிலையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போவாள். “எழுது, ரெண்டு பேரு” என்பார். “கொழந்த தூங்குது சார்” என்றால், “கண்ணு இருக்கில்ல? எழுதுப்பா” என்பார். என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “பாத்துகினே இரு, தானா வரும்.” எதைப் பார்ப்பது? அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன். இதுதான் பயிற்சி.

பங்குனி மாதத்தில் ஒருநாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். டவுன் பஸ்ஸில் ஒரு கோணிப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வைக்கோல் சுற்றிய பானை ஓடுகள். அவர் பெயர் நோட்டில் இருந்திருக்கும், எனக்கு நினைவில்லை. நாங்கள் கிணற்றுக்காரர் என்றே சொல்லிக்கொண்டோம். தன் நிலத்தில் கிணறு வெட்டும்போது தாழி அகப்பட்டிருக்கிறது. உள்ளே எலும்பு. வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். அவருடைய அக்கா புருஷன், அவர் பாவா என்று கூப்பிடுகிறவர், கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, இது பொணப்பானை, தூள்தூளாக உடைத்து மூடிவிட்டு வேறு இடத்தில் தோண்டு என்று நின்றிருக்கிறார். இவர் விடவில்லை. எலும்பைத் திரும்பப் புதைத்துவிட்டு, ஏற்கெனவே விரிசல் கண்டிருந்த தாழியை ஓடு ஓடாக எடுத்துச் சேர்த்திருக்கிறார். வீட்டுக்குள் கொண்டுவர மனைவி ஒத்துக்கொள்ளாததால் பத்து நாள் மாட்டுக்கொட்டகையில் வைத்துக் காவல் காத்தாராம்.

“ஊரே சிரிக்குது சார். பாவா என்னாண்ட பேசறதே இல்ல. நீங்க இத்த ஒட்டி, ஊரு பேரு எழுதி வெச்சீங்கன்னா, இஸ்துகினு வந்து காட்டுவன். ஒடைக்கணும்னியே, பாருன்னு.”

பிறகு வாய்ப்பகுதியின் ஓடு ஒன்றை எடுத்துக் காட்டினார். விளிம்புக்குக் கீழே, செய்தவர் ஈர மண்ணில் கட்டைவிரலால் வரிசையாக அமுக்கிய குழிகள். தன் விரலை ஒரு குழியில் வைத்தார். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. “பாத்தியா சார், என் வெரலுதான்” என்று சிரித்தார். காப்பாளரும் சிரித்தார். “கவலைப்படாத போய்யா, ஜோரா பண்ணிடலாம்” என்றார்.

ஒரு வாரத்தில் இன்னொரு பை வந்தது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் கிடைத்த தாழி ஓடுகள். கொண்டுவந்தவன் வைத்துவிட்டுப் போய்விட்டான், திரும்பி வரவே இல்லை. இரண்டு பையையும் கழுவி வை என்றார் காப்பாளர். முற்றத்தில் ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது. இரண்டையும் அதில் கொட்டிக் கழுவினேன். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிறு எரியும். ஒரு பையைக் கழுவி, காயவைத்து, ஒவ்வோர் ஓட்டிலும் எண் எழுதி முடிக்காமல் அடுத்த பையைத் தொடவே கூடாது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பையில் ஊர்ப் பெயர் எழுதிக் கட்டியிருந்த சீட்டு தண்ணீரில் ஊறிப் போனபோதுதான் எனக்கே உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எல்லாம் மண்ணுதானேப்பா. எது எதோட சேருதோ ஒட்டு” என்றார். திட்டியிருந்தால்கூட ஏதாவது கற்றுக்கொண்டிருப்பேன்.

ஒட்டினேன். இரண்டு மாதம். மெட்ராஸிலிருந்து வரவேண்டிய பசை வரவில்லை என்று, மரக்கதவுக்குப் போடுகிற பசையை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தார். காய்ந்தால் கல். பழம்பொருளை ஒட்டினால், பிறகு பிரிக்க முடிகிற மாதிரி ஒட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை வேறு ஊரில், வேறு ஆளிடம், காலம் கடந்து தெரிந்துகொண்டேன். திருவாலங்காட்டு உடம்பு ஓரளவு முழுதாகச் சேர்ந்தது, அதற்கு வாய் இல்லை. கிணற்றுக்காரரின் வாய், அந்த விரல் குழிகள் அடையாளம் காட்ட, முழுதாகச் சேர்ந்தது. அதைத் தூக்கி இதன்மேல் வைத்துப் பார்த்தார் காப்பாளர். ஒரு விரற்கடை பொருந்தவில்லை. “நடுவுல பிளாஸ்டர் போடு. காவி அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாது” என்றார். பிளாஸ்டர் காய்வதற்குள் வாய் நழுவிவிடாமல் உள்ளேயிருந்து அமுக்கிப் பிடித்தேன். என் விரல் பதிந்தது அப்போதுதான். மியூசியத்தின் முதல் முழுத்தாழி. அட்டையில் எழுத ஊர் கேட்டேன். “ஆர்.கே.பேட்டைன்னா மெட்ராஸ்ல எவனுக்குத் தெரியும்? திருவாலங்காடுன்னு போடு.” என் கையெழுத்து நன்றாக இருக்கும். நன்றாகவே எழுதினேன்.

ஆடிக் கிருத்திகை அன்று சாலை முழுக்கக் காவடி. அந்தக் கூட்டத்தில் கிணற்றுக்காரர் வந்தார். சலவை வேட்டி. கூடவே பாவா. காவடி பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே என்னைப் பார்த்து, “ஒட்டியாச்சா சார்?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். தாழியின் முன்னால் போய் நின்றார். முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது. ஒருமுறை சுற்றி வந்தார். தொடாதீர் என்று எழுதிய பலகையைத் தாண்டி, விளிம்புக்குக் கீழே விரலை வைத்தார்.

“வாயி என்னுது. ஒடம்பு என்னுது இல்லீங்களே. என்னுது ஒரு பக்கம் அடுப்புல வெச்ச மாரி கருத்துகினு இருக்கும்.”

பாவா எழுத்துக் கூட்டி அட்டையைப் படித்தார். “இன்னா மச்சான், எப்போ திருவாலங்காட்டுக்குக் குடி போன? சொல்லவே இல்ல? கெணத்தையும் கூடவே தூக்கினு போயிட்டியா?” கூட்டத்தில் தண்ணீர் குடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள்.

காப்பாளர் எழுந்து வந்தார். “எல்லாம் ஒரே காலத்துப் பானைய்யா. எந்த ஊரா இருந்தா இன்னா?”

“அப்போ என் ஊரையே எழுதிடுங்களேன்” என்றார் கிணற்றுக்காரர்.

நான்கு வார்த்தையில் அந்த மனிதர் காப்பாளரை நிறுத்திவிட்டார். ஒரு புது அட்டையும் தூரிகையும் எடுத்து நான் எழுதியிருந்தால் போதும். அந்தக் கணத்தில் அவராலும் தடுத்திருக்க முடியாது. காப்பாளர் என்னைப் பார்த்தார். நான் சான்றிதழைப் பார்த்தேன். “போட்டோ புடிச்சி மெட்ராஸுக்கு அனுப்பியாச்சுங்க, இனிமே மாத்த முடியாது” என்றேன். பொய். போட்டோ எடுத்தது உண்மை, அனுப்பவில்லை.

பாவா ஏற்கெனவே தெருவில் இறங்கிவிட்டார். கிணற்றுக்காரர் என் பக்கம் வந்து தணிந்த குரலில் கேட்டார். “மிச்சம் இருக்குமே சார், என் பானை ஒடம்பு. அத்தயாவது குடுங்க. எடுத்துனு போயி நானே வெச்சிக்கிறன்.”

இருந்தது. கறுப்புப் படிந்த ஓடுகள், பின்னறையில், கோணிப்பையில். “மியூசியத்துக்குள்ள வந்த பொருளு வெளிய போகக் கூடாதுங்க. ரூல்” என்றேன். அதுவரையான பயிற்சியில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே விதி அது. அதை அவர் மேல்தான் பயன்படுத்தினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மியூசியத்தின் வாசலில் பள்ளம் விழுந்து முழங்கால் தண்ணீர் நின்றது. மறுநாள் மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார். கல்லோ மண்ணோ உடனே எங்கே போய்க் கேட்பது? “அந்த மிச்ச ஓடு மூட்டை கெடக்குதே, அத்தக் கொட்டி மிதி” என்றார் காப்பாளர். கொட்டினேன். மிதித்தேன். கறுத்த பக்கம் மேலே தெரிந்தவற்றைத் திருப்பிப் போட்டு மிதித்தேன். வந்த அதிகாரி கால் நனையாமல் உள்ளே போனார். தாழியைப் பார்த்து, அருமையான வேலை என்றார்.

தை மாதம் கிணற்றுக்காரர் திரும்ப வந்தார். ஊரில் வாத்தியாரிடம் எழுதி வாங்கிய மனு கையில் இருந்தது. மிச்ச ஓடுகளைத் திருப்பித் தர வேண்டும், வைத்துப் பாதுகாப்பேன் என்று எழுதியிருந்தது. காப்பாளர் படித்துவிட்டு, “அந்த மாரி இங்க எதுவும் இல்லய்யா” என்றார். என்னைக் கேட்டார் கிணற்றுக்காரர். “இல்லீங்க” என்றேன். என் பயிற்சி முடிய இருபது நாள் இருந்தது.

அவர் வெளியே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பு இடறியிருக்க வேண்டும். குனிந்தார். மழை கரைத்திருந்த மண்ணிலிருந்து ஓர் ஓட்டைப் பெயர்த்து எடுத்தார். வேட்டியில் துடைத்தார். புரட்டிப் பார்த்தார். பிறகு காலடியில் தரையைப் பார்த்தார். கத்துவார், உள்ளே வந்து காப்பாளரின் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்க வேண்டும் என்று விரும்பினேன் என்றே சொல்லலாம். அவர் ஜன்னலுக்கு வந்தார். அதுவரை சார் என்று கூப்பிட்டவர், அப்போது வேறு மாதிரி கூப்பிட்டார்.

“பாவா சொன்னதுதாம்பா சரி. அங்கியே ஒடச்சிருக்கலாம்.”

ஓட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஓடு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? காப்பாளர் வருவதற்குள் எடுத்துப் பள்ளத்தில் போட்டேன்.

சான்றிதழ் வந்தது. வேலையும் வந்தது. மூன்று ஊர் மியூசியங்களில் முப்பது வருடம் இருந்தேன். என் கீழ் வந்த பயிற்சியாளர்கள் யாரும் இரண்டு பையை ஒரே தொட்டியில் கொட்டியதில்லை, நான் கொட்ட விட்டதில்லை. காப்பாளரை நினைத்து வெகுகாலம் பல்லைக் கடித்திருக்கிறேன். அவருக்கு எதுவும் தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை, அவரிடம் மறைக்கவே ஒன்றும் இல்லை. எங்கோ கணக்குப் பிரிவில் இருந்தவரைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்காக அவரை மன்னிக்கிற பக்குவமெல்லாம் எனக்கு வரவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாது. செய்வது தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர் என்னைவிட நல்லவர். இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

வேலையில் இருந்தபோது அட்டையைத் திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். ஆதாரம் அனுப்பவும் என்று பதில் வந்தது. ஆதாரம் தொட்டித் தண்ணீரில் ஊறிப்போன சீட்டு. ஆர்.கே.பேட்டைக்கு ஒருமுறையாவது போயிருக்கலாம். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அந்த டவுன் பஸ் பக்கத்தில் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் ரயிலுக்கே திரும்பினேன்.

போன மாதம் அந்த மியூசியத்துக்குப் போனேன். வாசலில் சிமென்ட் போட்டுவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிகள் புதிது. காப்பாளர் நாற்காலியில் ஓர் இளம்பெண், விவரமானவள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தாழி அதே மூலையில் இருந்தது. என் கையெழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு அச்சடித்து வைத்திருந்தார்கள். திருவாலங்காடு, இன்னும் பெரிய எழுத்தில். இது ரெண்டு தாழிம்மா, வாய் ஆர்.கே.பேட்டை என்றேன். “ஆதாரம் இருக்குங்களா சார்?” என்று மரியாதையாகக் கேட்டாள். சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

உள்ளே என் கட்டைவிரல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை விட்டேன். “தொடக் கூடாதுங்க சார்” என்று பதறினாள். அதற்குள் குழி தட்டுப்பட்டது. விரலை வைத்துப் பார்த்தேன். கணு வீங்கிப்போன கிழட்டு விரல், உள்ளே போகவில்லை. வெளியே, விளிம்புக்குக் கீழே, கிணற்றுக்காரரின் விரல் உட்கார்ந்த அந்தக் குழிகள் வரிசையாக, ஒன்றுகூடச் சிதையாமல் இருந்தன. கையை எடுத்துக்கொண்டேன்.