கோட்டுப் பையில் கிடைத்த பத்துச் சதம்

நேற்று போனில் நாணயம் சேர்க்கிறவர்களின் குழுவைத் திறந்தேன். கொழும்பில் இருக்கிற ஒருவர் கனடாக் காசு ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் படம் போட்டு, 'இன்று கண்டெடுத்தேன்' என்று எழுதியிருந்தார். கடையில் வாங்கினதுக்குப் பெயர் கண்டெடுக்கிறதாம். கீழே எல்லோரும் மாஷா அல்லாஹ் சொல்கிறார்கள், பிள்ளை பிறந்த மாதிரி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், மற்றதெல்லாம் கேட்காதீங்க. ஆனால் கண்டெடுக்கிறது என்றால் என்னவென்று தெரியும். என் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், கல்முனையில் பழைய உடுப்புக் கடையில் நின்றார். வெளிநாட்டிலிருந்து பொதி பொதியாக வரும். பொதியை அறுத்தால் பூச்சி உருண்டையும் யாரோ ஒருவரின் வியர்வையும் கலந்த மணம். பனிக்குப் போடுகிற தடித்த கோட்டுகளைக் கல்முனை வெயிலில் தொங்கவிட்ட அந்த முதலாளியின் மூளையை என்ன சொல்ல. ஆனால் அந்தக் கோட்டுப் பைகளில்தான் கனடாக் காசு இருக்கும்.

அப்போது அங்கே காசு சேர்க்கிறவர்கள் மூன்று பேர். காக்கா, கனடாவில் மாமா இருக்கிற காரைதீவுச் சுதன், பாலமுனையிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு பெருமைக்காரன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கடைக்குப் பின்னால் கூடுவார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம். புதிதாகக் கிடைத்த காசு முதல் இரவு இன்னொருவன் வீட்டில் தங்க வேண்டும். அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். விடிந்ததும் அவன் அதைச் சொந்தக்காரனின் கையிலேயே வைக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது.

கடைசியாகக் காக்காவுக்குக் கிடைத்தது பாய்க்கப்பல் போட்ட பத்துச் சதம்.

"இவ்வளவு பாயா? இதக் கரைக்கு இழுக்க ஊரே வரோணும்," என்றான் பாலமுனைக்காரன்.

"நீ வராட்டிக் காணும் மச்சான், அது தானா வரும்," என்றார் காக்கா.

சுதன் அதைக் கொண்டு போனான். அடுத்த நாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு கடலோரம். நானும் உம்மாவும் மிஞ்சினோம். காக்காவின் மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

நாங்கள் அகதிகளாக இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சுதன் காசோடு வந்தான். அங்கே வந்தவர்களெல்லாம் பிஸ்கட்டைக் கையில் தந்து படம் எடுத்தார்கள், சிரிக்கவும் சொன்னார்கள். இவன் மட்டும் கையைப் பொத்திக்கொண்டு நின்றான். உம்மா வாங்கவில்லை.

"அவன்ட கையிலதானே குடுக்கோணும். அவன் வந்தாக் குடு, மகன்."

பெருநாளுக்குப் பெருநாள் வந்தான். உம்மா வட்டிலப்பம் கொடுப்பார், காசை வாங்க மாட்டார். வாங்கினால் காக்கா இல்லையென்று ஆகிவிடும். சின்னவள் எனக்கே விளங்கியது, சொந்தக்காரருக்கு விளங்கவில்லை. "கனடாக் காசு, நல்ல விலைக்குப் போகும், வாங்கிப் போடு புள்ள," என்று மாமி ஒருத்தி. அறிவுக்கொழுந்து.

சண்டை முடிந்த வருசம் இன்னும் மோசம். காணாமல் போனவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதும் உம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. நம்மட ஆள் கடலோடு போனவர், சண்டையோடு அல்ல என்று யார் சொல்வது?

அதற்கடுத்த வருசம் சுதனை மாமா கூப்பிட்டார். போகுமுன் வந்தான்.

"நான் கனடாவுக்குப் போறன் உம்மா. கனடாக் காசத் திருப்பிக் கனடாவுக்கே கொண்டு போன மடையன் எண்டு அவன் வந்தா என்னப் பகிடி பண்ணுவான்."

உம்மா சிரித்துவிட்டார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"கொண்டா," என்று கையை நீட்டினார்.

அன்றைக்கே புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்தேயென்று தேய்த்தார். பின்னொருநாள் அந்தக் காசைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். "புளி போட்டா மதிப்புப் போயிடும், தங்கச்சி," என்று பெரியவர்கள் பாடம் நடத்தினார்கள். யாருடைய காசு என்று ஒரு மனிசரும் கேட்கவில்லை.

காசை வாங்கின நாளிலிருந்து உம்மா 'அவன் வந்தா' என்று கதைக்கவில்லை. அதற்கு முதல் சோறு போடும்போதும் மழைக்குக் கதவு சாத்தும்போதும் அதுதான் பேச்சு. ஒருநாள் பிலாக்கொட்டைக் கறி வைத்தபோது நானே சொல்லிப் பார்த்தேன்.

"காக்கா வந்தா, இந்தச் சட்டிக் கறி அவருக்கே காணாது உம்மா."

உம்மா கறியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.