அம்மா பாதியில் விட்ட ஜெபம்

எங்கள் எஸ்டேட்டில் சத்தமாக ஜெபிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. நீளமாக ஜெபிக்கத் தெரிந்தவள் என் அம்மா ஒருத்திதான். இதை மகள் என்பதற்காக நான் சொல்லவில்லை. மூணாறு பக்கம், பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, தேயிலைக்காட்டுக்கு நடுவே எங்கள் லயம் இருந்தது. அங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் குடியிருந்த எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள்.

விடியற்காலையில், கொழுந்தெடுக்கக் கிளம்புவதற்கு முன்னால், அம்மா அடுப்படியில் முழங்கால் போடுவாள். லயத்தின் முதல் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாக ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டு போவாள். ஒரு வீட்டில் இருமல், அடுத்த வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அதற்கடுத்த வீட்டில் புருஷன் மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டான். சர்ச்சுக்கு வருகிற வீடு, முருகனுக்கு மாலை போடுகிற வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆமென். ஆமெனுக்குப் பிறகுதான் எங்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா.

“ஆண்டவருக்கு நம்ம லயத்து விலாசம் தெரியாதாட்டி?” என்று அப்பா கம்பளிக்குள்ளிருந்து கேட்பார்.

சாயங்காலமானால் அம்மா குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு வருவாள். ஊர்வம்பு பேசப் போகிறாள் என்று அப்பா இதற்கும் கேலி செய்வார். அதற்கு அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. “கேக்காம என்னத்தச் சொல்லி ஜெபிக்க?”

அந்த வருஷம் எங்கள் சர்ச்சுக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். அதைப் பிரதிஷ்டை செய்யப் பேராயரே மலையேறி வருவதாக ஏற்பாடு. அவர் முன்னால் ஆரம்ப ஜெபம் செய்ய அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஜீப்பில் நான் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே பேசவில்லை. சர்ச்சில் பாடம் சொல்லித்தரும் உபதேசியாரின் மகள், தன் அப்பாவும் நன்றாகத்தான் ஜெபிப்பார் என்றாள். “உங்கப்பா முடிச்சு உக்காரும்போது எங்கம்மா தொடங்கவே செய்யமாட்டா” என்றேன். இதில் அர்த்தம் ஏதும் இல்லைதான். ஆனால் ஜீப்பில் இருந்தவர்கள் மிரண்டுபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டியது. இருந்தாலும் சர்ச் நிறைந்துவிட்டது. பேராயர் வெள்ளை அங்கியும் விரலில் பெரிய மோதிரமுமாக முன்னால் அமர்ந்திருந்தார். நான் தோழிகளை இழுத்துக்கொண்டுபோய் முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்தேன். அம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். “அன்பின் ஆண்டவரே” என்று தொடங்கி, மழைக்காக ஸ்தோத்திரம், கூரைக்காக ஸ்தோத்திரம், கூரை போட்ட கைகளுக்காக ஸ்தோத்திரம் என்று நிதானமாக ஏறிக்கொண்டிருந்தாள். இன்னும் பேராயரிடமே வந்து சேரவில்லை. நான் உபதேசியார் மகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் யாரோ மூச்சிரைக்க வந்து நின்றார்கள். ஃபாக்டரியில் அப்பாவோடு வேலை செய்கிறவர். உடம்பெல்லாம் சேறு.

“லயத்துக்குப் பின்னால மண்ணு சரிஞ்சிருச்சு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. கடைசி வீடு மட்டும் அமுங்கிக் கெடக்கு. நல்லவேள, அதுல ஆளில்ல.”

கடைசி வீட்டுக்காரர் மூணாறுக்குப் போயிருந்தார். அவர் மனைவி பிரசவத்துக்குத் தேனிப் பக்கம் தாய்வீட்டில் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். “ஆளில்லன்னு யாரு சொன்னா? பிள்ளயத் தூக்கிட்டு நேத்து சாயங்காலமே அவ வந்துட்டாள்லா. நான் போய்ப் பாத்தேனே.”

அப்புறம் கூரையை நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: “ஆண்டவரே, மிச்சத்த அங்கன வச்சுச் சொல்லுதேன்.”

குடையைக்கூட எடுக்காமல் இறங்கி நடந்தாள். பெண்கள் எல்லாரும் அவள் பின்னால் எழுந்து போனார்கள். அப்பாவும் மற்ற ஆண்களும் அவர்களை முந்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மானம் போயிற்று. வாரம் முழுக்கப் பீற்றிக்கொண்ட ஜெபம் ஆமென் இல்லாமல் பாதியில் நின்றுபோனது, அதுவும் பேராயர் முன்னால். அவர் என்ன நினைப்பாரோ என்று திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. அங்கியை முழங்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி வீட்டின் பின்சுவர் விழுந்து, ஜன்னல் மட்டத்துக்கு மண் ஏறியிருந்தது. முன்கதவு நெளிந்து இறுகிவிட்டது. ஆண்கள் கடப்பாரையால் கதவைப் பெயர்க்க, பெண்கள் பக்கத்து மண்ணை வாரினார்கள். மண்வெட்டி போதவில்லை. சர்ச்சில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அண்டாக்களும் சட்டிகளும் வந்தன. அம்மா வெறுங்கையால் வாரினாள். நான் அழுதுகொண்டே அவள் முந்தானையைப் பிடித்து நின்றபோதுதான் அவள் உதடு அசைவதைக் கவனித்தேன். உள்ளே இருந்தவளின் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில், “பிள்ளைக்கு இன்னும் பேரு வைக்கலய்யா. உமக்கு எப்படிக் கூப்பிடத் தோணுதோ அப்படிக் கூப்பிடும்” என்றாள்.

கதவு பெயர்ந்தது. அப்பா உள்ளே நுழைந்தார். மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய சத்தம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், கால் மண்ணில் புதைந்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் சுருண்டு கிடந்தாளாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருவரையும் பேராயர் வந்த ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலில் முறிவு, வேறொன்றுமில்லை. அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் தன் வீட்டுக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள்.

அன்று ஜீப் போனபிறகு கூட்டம் கலைந்தது. அம்மா எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, நகத்துக்குள் போன மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள். பேராயர் அவள் எதிரில் வந்து நின்றார். அங்கி இடுப்புவரை செம்மண் நிறமாகியிருந்தது. ஜெபத்தைப் பாதியில் விட்டதற்குத் திட்டப்போகிறார் என்று நான் அம்மாவை ஒட்டி நின்றேன்.

“அம்மா, எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுவீங்களா?” என்றார்.

“நானாய்யா? நீங்கல்லா எங்களுக்குப் பண்ணணும்.”

“நாளும் பண்றேன்மா. ஆனா யார் வீட்டுக்கும் நான் போய்க் கேட்டதில்ல.”

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் விசாரித்தாள். அவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அதன்பின் அம்மா கண்ணை மூடினாள். எங்கள் சபை முழுவதும் யார் முன்னால் தலைகுனிந்து ஆசீர்வாதம் வாங்குமோ, அவர் என் அம்மா முன்னால் தாடை நெஞ்சில் படும்படி குனிந்து நின்றார். நெடுநேரம் நிமிரவேயில்லை. அவர் விரலில் இருந்த பெரிய மோதிரம் சேற்றில் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, நானும் குனிந்து அவர் காலடியில் தேடிக்கொண்டிருந்தேன்.