அப்பா போனில் வளர்த்த தோட்டம்

தலைக்கு மேலே, மொட்டை மாடித் தளத்தில், தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளி இழுபடும் 'கர்ர்ர்' என்ற சத்தத்தில்தான் அந்த ஆண்டுச் சித்திரையில் எங்கள் வீட்டுக்குப் பொழுது விடிந்தது. சத்தம் கேட்டால் அம்மா எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் விடத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். தண்ணீர் விடுகிறாள் என்றால் அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்று அர்த்தம். அது கேட்கும்வரை அப்பாவும் நானும் விழித்துக்கொண்டே, ஒருவர் விழித்திருப்பது மற்றவருக்குத் தெரியாததுபோல, பாயில் அசையாமல் படுத்திருப்போம். கேட்டதும் அப்பா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பார்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. முழு ஆண்டுத் தேர்வு நடக்காமலே பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். நோய்த்தொற்றுக்குப் பயந்து ஊரே அடங்கிக் கிடந்தது. கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கப்பலூரில் ஒரு சிறிய பட்டறையில் லேத் வேலை, பட்டறையும் மூடியாயிற்று. வீட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது அம்மா மட்டும்தான். அவள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தொடர்ந்து சில நாள் வார்டில் வேலை பார்த்து, அவர்கள் கொடுத்த விடுதியிலேயே தங்குவாள். பிறகு சில நாள் வீட்டுக்கு வருவாள். ஆனால் எங்களோடு அல்ல. மொட்டை மாடியில் வீட்டுக்காரர்கள் பழைய கட்டில், உடைந்த நாற்காலி எல்லாம் போட்டு வைத்திருந்த, தகடு வேய்ந்த 'ஷீட்டு ரூமை' ஒழித்து, அதில் தனியாக இருப்பாள். மாடிப்படியில் இருந்த கம்பிக் கதவை அப்பா பூட்டிவிடுவார். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நாங்கள் இறங்கி வந்த பிறகுதான் அவள் வந்து எடுப்பாள்.

கீழே வீட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். சௌராஷ்டிரக் குடும்பம், சேலைக் கடை வைத்திருந்தவர்கள். எங்களோடு பேசும்போது தமிழ், தங்களுக்குள் அவர்கள் மொழி. அதுவரை அது எனக்கு வெறும் சத்தமாகத்தான் இருந்தது. அந்த நாள்களில்தான், ஜன்னல் வழியே அவர்கள் குரல் உயரும்போதெல்லாம், எங்களைக் காலி செய்யச் சொல்வதைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். வேறு தெருவில் ஒரு நர்ஸ் குடும்பத்தை அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். புரியாத மொழியில் பயம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

தோட்டம் போட்டது அப்பா. அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து 'குட்டியானை' வண்டியில் காய்கறி கொண்டுவந்து தெருவில் விற்ற ஒருவர், நாட்டு வெண்டை விதையும் பாகல் விதையும் ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். "சும்மா வீட்ல ஒக்காந்து என்ன செய்யப் போறீக, ஊனி வைங்கண்ணே. ஊறப் போட்டு ஊனுங்க, சீக்கிரம் மொளைக்கும்" என்றார். அதற்குமுன் ஒரு துளசிச் செடிக்குக்கூட அப்பா தண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்துக் காலி மனையில் மண் வெட்டி, பழைய பெயிண்ட் வாளிகளில் ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டு, மண்ணோடு டீத்தூள் சக்கையும் காய்ந்த சாணமும் கலந்து நிரப்பினார். அழுகிய தக்காளியைப் பிழிந்து விதை எடுத்தோம். கொத்தமல்லியைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்தோம். சமையலுக்கு ஆய்ந்த புதினாவின் காம்பையும் விடாமல் நட்டோம். ஒரு வாளியில் முளை காட்டாவிட்டால் நான் விரலை விட்டுத் தோண்டிப் பார்ப்பேன். "நோண்டாத பாப்பா, நோண்டுனா வராது" என்பார் அப்பா. அவரும் நான் பார்க்காதபோது நோண்டிப் பார்ப்பார்.

அம்மா வேலையில் இருக்கும் நாள்களில் தோட்டம் எங்களுடையது. அவள் வீட்டுக்கு வரும் நாள்களில் அது அவளுடையது. கதவு பூட்டியிருக்கும்போது நாங்கள் மேலே போக முடியாது. அவள் மறுபடி வேலைக்குப் போனதும் அறையைக் கழுவிவிட்டு மேலே போய்ப் பார்த்தால், சாய்ந்திருந்த தக்காளிக்குக் குச்சி ஊன்றியிருப்பாள். பாகல் கொடி ஏறுவதற்குத் துணிக்கொடியிலிருந்து நூல் கட்டியிருப்பாள். மருத்துவமனையில் கட்டுப்போட்டுப் பழகிய கை. அந்த முடிச்சுகளைப் பார்த்தாலே தெரியும். நான் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

மதிய வெயில் தாழ்ந்த பிறகு தாயம் விளையாடுவோம். படிக்கட்டின் கீழ்த்திருப்பத்தில் நான் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருப்பேன். அம்மா மேலே கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி விழுந்ததைச் சொல்லுவாள். அவளுடைய காயை நான் நகர்த்துவேன். அவளுக்கு மட்டும் வேண்டும்போதெல்லாம் தாயம் விழும். "ஒங்கம்மா நல்லா அளந்து விடுறா" என்று அப்பா சிரிப்பார். முகக்கவசத்துக்கு உள்ளிருந்து வரும் அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் இருமலாக முடிந்துவிட்டால், எங்கள் இருவர் கையும் அப்படியே நின்றுவிடும். "புரையேறிருச்சுங்க, ஒண்ணுமில்ல" என்பாள் மேலேயிருந்து. அதற்குப் பிறகு ஆட்டத்தில் மனம் ஓடாது.

அழகர் ஆற்றில் இறங்காமலே சித்திரை போயிற்று. வைகாசி பிறந்து, வெண்டைச் செடிகள் என் இடுப்பு உயரம் வந்து, நுனியில் மொட்டுகள் கூம்பி நின்றன. ஒரு நாள் காலை வாளிச் சத்தம் கேட்கவில்லை.

வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அப்பா எழுந்திருக்கவில்லை, எழுந்தால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான்தான் படியேறிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். கீழே வீட்டுக்காரர்கள் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அப்பா சாவியோடு ஓடிவந்து, என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலே போனார். "நீ வராத. சொன்னாக் கேளு, வராத" என்று அவர் குரல் மட்டும் கேட்டது. அம்மாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. எழுந்து உட்கார முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. தலையிலிருந்து கால்வரை நீலத்தில் மூடியவர்கள் அம்மாவைப் பிடித்து இறக்கினார்கள். நான் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். தெருவில் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஆள் நின்றார்கள். அம்மா நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையை அசைத்தாள். அதைப் போய்விட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொள்வதா, உள்ளே போ என்று எடுத்துக்கொள்வதா என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியதும், முதுகில் மருந்து டப்பா மாட்டியவர்கள் படியேறி வந்து, வாசல், கைப்பிடி, ஷீட்டு ரூம், மொட்டை மாடி என்று எல்லா இடத்திலும் பிளீச்சிங் கரைசலைப் பீய்ச்சி அடித்தார்கள். வாசலில் தகரம் வைத்து அடைத்தார்கள். எங்களுக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். எங்களுக்கு நோய் இல்லை என்று பிறகு தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து நானும் அப்பாவும் மேலே போனோம். வெண்டை இலைகள் சுட்ட அப்பளம்போல வெளுத்துச் சுருண்டிருந்தன. மொட்டுகள் காம்போடு உதிர்ந்து கிடந்தன. பாகல் கொடி, நூலைப் பிடித்த பிடி விடாமலே காய்ந்திருந்தது. அப்பா ஒவ்வொரு வாளியாகத் தண்ணீரை ஊற்றிக் கழுவிப் பார்த்தார். அந்தத் தண்ணீரிலும் பிளீச்சிங் நெடிதான் வந்தது.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "பேசுனா மூச்சு வாங்குதுங்க. நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்" என்றாள். அப்பா பேசும் ஆள் இல்லை. லேத் இரைச்சலில் நின்று நின்று, எதையும் தலையாட்டலில் முடித்துக்கொள்ளப் பழகியவர். "சாப்ட்டியா?" என்றார். "ம்" என்றாள். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கரில் அம்மாவின் மூச்சும், பின்னால் ஏதோ கருவியின் 'பீப்' ஒலியும் மட்டும் கேட்டன. அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு திடீரென்று சொன்னார்:

"வெண்டை பூத்துருச்சு."

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "நெசமாத்தேன். எல்லா வாளியிலயும் பூத்துருக்கு. அந்தப் பாகக்கொடி இருக்குல்ல, அது நூலை விட்டுட்டுத் தண்ணித் தொட்டி மேல ஏறுது. எறக்கி விட்டாலும் அங்கதேன் போகுது, ஒன்னைய மாதிரி பிடிவாதம்." அம்மா சிரிக்க முயன்றது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, பூவு என்ன நெறம்?" என்று என்னைக் கேட்டாள். "வெளிர் மஞ்சள்மா, நடுவுல கருஞ்செவப்பு" என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா அந்தத் தோட்டத்தை வளர்த்தார். தக்காளி பச்சையிலிருந்து மஞ்சளாயிற்று. இரண்டு தவிட்டுக் குருவிகள் வந்து காயைக் கொத்தப் பார்த்தன. அப்பா பழைய சி.டி.யைக் கட்டித் தொங்கவிட்டு விரட்டினார். முதல் வெண்டைக்காயைப் பறித்துக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தோம். இது எதுவும் நடக்கவில்லை, நடந்ததெல்லாம், கீழ்வீட்டு ஆன்ட்டி தினமும் படியில் ஒரு தூக்குச் சட்டியை வைத்துவிட்டு, "பாப்பா, ரசம் வச்சிருக்கேன், சூடா குடிச்சிருங்க. ஒங்கம்மா பேரச் சொல்லித்தான் வெளக்கேத்துறோம்" என்று கீழேயிருந்து குரல் கொடுத்ததுதான். அவர்கள் வீட்டுக்குள் உயர்ந்த குரல்கள் எதைப் பற்றியவை என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பகலில் அப்பா மாடியில்தான் இருப்பார். இரண்டு வாளிகளில் மண்ணை மாற்றி, மிச்சமிருந்த விதைகளை ஊன்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் அப்பா கூப்பிட்டபோது அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு அவளோடு வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் கூப்பிட்டார். "ஆக்சிஜன் கொஞ்சம் கொறைஞ்சிருச்சுண்ணே. வேற எடத்துக்கு மாத்திருக்கோம். நாங்க எல்லாரும் இருக்கோம், பயப்படாதீங்க" என்றார். போனை வைத்த பிறகு அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் வாட்ஸ்அப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாரும் எதிரில் இல்லாமலே பேசத் தொடங்கினார். பாகல் காய்த்திருப்பதைச் சொன்னார். நாளைக்குப் பறிக்கப் போவதாகவும், கசப்பு எடுக்க எப்படி நறுக்குவது என்று தனக்குத் தெரியாது, நீ வந்துதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். குரல் உடையும் இடத்தில் நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி புதினாவைப் பற்றிச் சொன்னார். அவர் அம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் சாம்பல் நிற டிக் மட்டும் நின்றது. மறுநாள் விடிந்ததும் நான் முதலில் தேடியது அந்தப் போனைத்தான். டிக் நீலமாகியிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அம்மா திரும்பி வந்தபோது பாதியாகியிருந்தாள். படியேறும்போது திருப்பத்துக்குத் திருப்பம் நின்றாள். வீட்டு வாசலில் நிற்கவில்லை. நேராக மேலே போனாள். "மொதல்ல ஒக்காரு, அப்பறம் பாக்கலாம்" என்று அப்பா பின்னாலேயே போனார். மாடியில் வரிசையாகக் காய்ந்த குச்சிகளும், இரண்டு வாளிகளில் அப்போதுதான் இரண்டிரண்டு இலை விட்டிருந்த நாற்றுகளும் இருந்தன. அப்பா கதவருகிலேயே நின்று தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள் அம்மா. "வண்டில ஏறும்போதே மருந்தடிக்க ஆளு நின்னாங்க. பிளீச்சிங் பட்டு எந்தச் செடி நிக்கும்? நாங்க தினம் கரைக்கிறதுதான அது."

"அப்பறம் எதுக்கு அது காய்ச்சிருச்சா, இது பூத்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்த?"

"கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒங்களுக்குள்ள இம்புட்டுப் பேச்சு இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தாள்.

இப்போது அந்த மொட்டை மாடி இல்லை. வீட்டுக்காரர்கள் மேலே ஒரு தளம் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நாங்களும் வேறு பக்கம் குடிபோய்விட்டோம். அந்தப் போன் ஒரு மழையில் நனைந்து செத்துப்போனது. அதோடு அப்பாவின் குரல் பதிவும் போயிற்று. அம்மா இப்போது வெளிநோயாளிகள் பிரிவில் வேலை பார்க்கிறாள், நன்றாக இருக்கிறாள். அப்பா கப்பலூருக்குப் போகிறார், வருகிறார், தலையாட்டுகிறார். நான் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இரவில் அவர் தினமும் கூப்பிடுவார். "சாப்ட்டியா? இந்தா, அம்மாகிட்டக் குடுக்குறேன்" — அவ்வளவுதான் பேச்சு.

போன வாரம் ஒரு நாள் அவர் போனைக் கொடுக்கவில்லை. தெருவில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருப்பதைச் சொன்னார். மழை வந்ததைச் சொன்னார். எதிர்வீட்டில் புதிதாக நாய்க்குட்டி வளர்க்கிறார்கள், அது இவர் வண்டிச் சத்தம் கேட்டால் வாலாட்டுகிறது என்றார். அவர் இப்படிப் பேசியது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும்தான். "அப்பா, அம்மாவுக்கு என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்லத்தா. குளிச்சுக்கிட்டு இருக்கா" என்றார். "சும்மாதேன், வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்பமேன்னு..."

"பேசுங்கப்பா" என்றேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்போலிருக்கிறது. போன் கைமாறியது.