டேப் அறைச் சாவிக்கு ஓய்வு

ஹைதராபாதில் மௌலாலிப் பக்கம் இருந்த அந்த அரசாங்க மின்கருவித் தொழிற்சாலையில், ஐவி சிலாஸ் வருகிறாள் என்றால் பெரிய அதிகாரிகள்கூட மேசை இழுப்பறையை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வார்கள். பூட்டாத இழுப்பறையில் இருக்கும் காகிதத்தை அவள் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வேண்டுமென்றால் வந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒருமுறை ஜெனரல் மேனேஜரே வந்து அசடு வழிய நின்றிருக்கிறார். அவளுக்கு வாய் நீளம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இருக்கட்டுமே, வேலையில் அவளைக் குறை சொன்னவர் யாருமில்லை.

திருநெல்வேலியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து மெட்டுகூடாவில் தங்கிவிட்ட குடும்பம் அவளுடையது. தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் வந்தபோது, 'வேலை போய்விடும்' என்று மற்றவர்கள் ஒதுங்கிய பயிற்சிக்குத் தானாகப் பெயர் கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் டேப் அறை அவள் பொறுப்புக்கு வந்தது. கம்பெனியின் கணக்கு, வடிவமைப்பு, டெண்டருக்குப் போடும் விலை எல்லாம் அந்த அறையில்தான், காந்த நாடாச் சுருள்களிலும் அச்சிட்ட தாள்களிலும் இருந்தன.

ரயில்வே சிக்னல் டெண்டர் வருஷத்துக்கு ஒன்று, தசரா முடிந்த கையோடு விலை போட்டுக் கொடுக்க வேண்டும். அதை இரண்டு வருஷம் தொடர்ந்து ஒரே தனியார் கம்பெனி மயிரிழையில் தட்டிக்கொண்டு போனது. விலை வெளியே கசிகிறது என்பதற்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. எண்பத்திரண்டில் ஜெனரல் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் போச்சுன்னா அந்த ரூம் உங்ககிட்ட இருக்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஐவிக்குக் கோபம்தான் வந்தது. அந்த அறை அவள் பாடுபட்டுச் சம்பாதித்த அறை. திருடன் நானாக இருந்தால் எந்த வழியாக வருவேன் என்று யோசிக்க ஆரம்பித்தாள். கழிவுத் தாளை அவள் கண்முன்தான் கொளுத்துகிறார்கள். ஜன்னல் கிடையாது. சாவி அவள் கைப்பையை விட்டு இறங்குவதில்லை, ஆயுத பூஜையன்று தவிர.

அங்கேதான் அவளுக்குச் சுரீர் என்றது. ஆயுத பூஜைக்கு அந்தத் தொழிற்சாலையில் ஸ்பானர் முதல் டைப்ரைட்டர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். சாவிக்காரர்களுக்கு ஆயுதம் சாவிதானே? எல்லாச் சாவிகளும் நிர்வாகக் கட்டடத்துக் கூடத்தில் ஒரு பித்தளைத் தட்டில், சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு கிடக்கும். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. காவலாளிகளும் தடியைப் பூஜையில் வைத்துவிட்டு வெளி கேட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பூஜையை முன்நின்று நடத்தும் நிர்வாக அதிகாரி கிருஷ்ணமூர்த்தியிடம், டேப் அறைச் சாவியை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்க சர்ச்சுக்குப் போறேள், நான் ஏதாவது சொன்னேனா? பூஜையில மட்டும் கை வைக்காதேங்கோ."

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் அந்தச் சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் தின்றவள் அவள். அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

பூஜையன்று வழக்கம்போல் சாவியைத் தட்டில் வைத்தாள். குங்குமத்தைத் தானே தாராளமாக அப்பினாள்.

மறுநாள் மறுபூஜை முடிந்தது. கிருஷ்ணமூர்த்தி சாவியை எடுத்து மரியாதையாக அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். பிடியில் குங்குமம் அப்படியே இருந்தது. சாவிப் பல் மட்டும் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

"சார், கொஞ்சம் என் கூட வாங்க."

டேப் அறை வாசலில் நின்று, கைப்பையிலிருந்து வேறொரு சாவியை எடுத்தாள். முந்தின நாள் காலையில், ஜெனரல் பஜாரில் அதே கம்பெனி, அதே அளவில் வாங்கிய பூட்டைப் பழையதற்குப் பதிலாக மாட்டியிருந்தாள். கிருஷ்ணமூர்த்திக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"பகவான் சன்னிதியில பொய்ச் சாவியா வெச்சேள்?"

"பொய் எதுக்கு சார்? வருஷம் பூரா ஒழச்ச சாவி அதுதான். அதுக்குத்தானே ஓய்வு குடுக்கணும்? இது நேத்துப் பொறந்தது, இன்னும் ஒரு நாள்கூட வேல செய்யல. அடுத்த வருஷம் இதுக்குப் பூஜ போடுவோம்."

அவர் வாய் திறப்பதற்குள், தொங்கிய பூட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். சாவித் துளை முழுக்கக் குங்குமம். தட்டில் இருந்த சாவியை எடுத்து வந்து யாரோ திறக்கப் பார்த்திருக்கிறார்கள். திறக்காமல் போகவே திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கிருஷ்ணமூர்த்தி அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பகவானுக்கு வெச்ச குங்குமம்..." என்றார்.

விசாரணை நடந்தது, ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஐவி அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை, கதவு திறக்காமல் இருப்பது தன் வேலை என்பாள். டெண்டர் அந்த வருஷம் தொழிற்சாலைக்கே கிடைத்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால், எல்லாப் பூட்டும் மாற்றப்பட வேண்டும், பழைய சாவிகளே தட்டுக்கு வர வேண்டும் என்று கிருஷ்ணமூர்த்தி கையெழுத்தோடு ஆணை வந்தது. சாவியை வைத்திருப்பவர் மாறினாலும் அன்றே பூட்டு மாற வேண்டும் என்ற வரியை ஐவி சேர்க்கச் சொன்னாள்.

தொண்ணூறில் ஓய்வு பெற்றாள். மாலை போட்டார்கள், பேசினார்கள். அழைத்துப் போக வந்திருந்த கணவர் சிலாஸ், வாசலுக்குப் போகும் வழியில் டேப் அறையைப் பார்த்துவிட்டு நின்றார். புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அநியாயம் இது! மாலை வாடல, அதுக்குள்ள உன்னையவே நம்பலயா இவனுவ?"

ஐவி நின்று, அந்தப் புதுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நம்பக் கூடாதுங்க. நம்பியிருந்தானுவன்னா, நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலன்னு அர்த்தம். வாங்க, பஸ் போயிரும்."